ஜோத்பூர், ஜெய்சல்மேர், பிகானேர் கோட்டைகள்: வயசானவங்களோட போறோம், பிளான் சரியா இருக்கா பாருங்க

வைகைக்கரை
எல்லாருக்கும் வணக்கம். அரையாண்டு லீவுல குடும்பமா ராஜஸ்தான் போலாம்னு இருக்கோம். நான், வீட்டுக்காரர், பத்து வயசுப் பையன், கூட மாமனார் மாமியார். மாமியாருக்கு மூட்டு வலி, சமதரையில நல்லா நடப்பாங்க, படியும் ஏத்தமும்தான் ஆகாது. மாமனார் ரிட்டயர்டு சரித்திர வாத்தியார், பாலைவனக் கோட்டைகளைப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை, அவருக்காகத்தான் இந்த ட்ரிப்பே. ட்ராவல்ஸ்ல குடுத்த பிளான்: ஜெய்ப்பூர், சித்தூர்கர், உதய்ப்பூர், கும்பல்கர், ஜோத்பூர், ஜெய்சல்மேர், பிகானேர், எல்லாம் ஒன்பது நாள்ல முடிச்சுக் குடுத்துடுவாங்களாம். ஜெய்சல்மேர்ல கோட்டைக்குள்ளயே தங்குற மாதிரி ஹோட்டல் போட்டிருக்காங்க, பையன் அந்த போட்டோவைப் பாத்ததுல இருந்து வேற எதுவுமே பேச மாட்டேங்கிறான். போயிட்டு வந்தவங்க சொல்லுங்க, எதை வச்சுக்கலாம் எதை விடலாம்?

மணல்மேட்டுக்காரன்
அக்கா, முதல்ல அந்தப் பேப்பரைத் தூக்கிப் போடுங்க. ஒன்பது நாள்ல ஏழு ஊருன்னா பாதி நேரம் கார்லதான் போகும், மூட்டு வலிக்காரங்களுக்கு கோட்டைப் படியை விட கார் சீட்டுதான் பெரிய தண்டனை. ஜோத்பூர்ல இருந்து ஜெய்சல்மேர் சுமார் 280 கிலோமீட்டர், அங்கருந்து பிகானேர் 330, பிகானேர்ல இருந்து திரும்ப ஜோத்பூர் 250. இந்த முக்கோணத்தை மட்டும் சுத்துங்க, ஒன்பது நாளும் அதுக்கே சரியா இருக்கும். ஜெய்ப்பூர் உதய்ப்பூர் எல்லாம் அருமையான ஊரு, ஆனா உதய்ப்பூர் ஏரியும் ஆரவல்லி மலையும் இருக்கிற மேவார் பூமி, மாமனார் கேட்டது பாலைவனம்ல? மார்வார் (அதான் ஜோத்பூர் ராஜ்ஜியம்), ஜெய்சல்மேர், பிகானேர், இந்த மூணு ராஜ்ஜியமும்தான் தார் பாலைவனத்துல நின்னு ஆண்டவங்க, மூணும் மூணு விதமா கட்டியிருக்காங்க. ஜோத்பூர் பாறை மேல, ஜெய்சல்மேர் மணலுக்கு நடுவுல ஒரு குன்று மேல, பிகானேர் குன்றே இல்லாம சமதரையில. ஒண்ணு பாத்துட்டு அடுத்ததைப் பாக்கும்போது வித்தியாசம் மனசுல நிக்கும்.

இன்னொண்ணு, யுனெஸ்கோ பட்டியலைப் பாத்து பிளான் போடாதீங்க. 2013ல 'ராஜஸ்தான் மலைக்கோட்டைகள்'னு ஆறு கோட்டையைச் சேத்தாங்க: சித்தூர்கர், கும்பல்கர், ரண்தம்போர், காக்ரோன், ஆமேர், ஜெய்சல்மேர். இதுல பாலைவனக் கோட்டை ஜெய்சல்மேர் ஒண்ணுதான். ஜோத்பூர் மெஹ்ரான்கரும் இல்ல, பிகானேர் ஜூனாகரும் இல்ல. பட்டியல்ல இல்லாததால மெஹ்ரான்கரை அரை நாள்ல முடிச்சுட்டு ஓடுறவங்களைப் பாத்தா எனக்கு மனசு ஆறாது. இந்தியாவுல இவ்வளவு ஒழுங்கா பராமரிக்கிற கோட்டை எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல.

நீலத்தெரு
நான் வேலை விஷயமா ஜோத்பூர்ல குடியிருக்கேன், அதனால மெஹ்ரான்கர் பத்தி கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

அம்மாவுக்கு முதல்ல: கோட்டைக்குள்ள லிஃப்ட் இருக்கு, தனி டிக்கெட். அதுல மேல போயிட்டு, மியூசியம் அறைகளை ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே இறங்கி வரலாம். ஆனா இறங்குற வழி கல் பாவின சரிவு, வழவழன்னு தேஞ்சிருக்கும், நல்ல பிடிப்புள்ள செருப்போ ஷூவோ போட்டுட்டு வரச் சொல்லுங்க. உங்க பையனும் தாத்தாவும் லிஃப்ட்ல போகவே வேண்டாம், வாசல் வழியா நடந்தே ஏறணும், ஏன்னா இந்தக் கோட்டையோட கதையே அதோட வாசல்கள்லதான் இருக்கு. கீழ ஜெய் போல் (போல்னா அங்க கோட்டை வாசல்), மகாராஜா மான் சிங் ஜெய்ப்பூர், பிகானேர் படைகளை ஜெயிச்ச ஞாபகமா 1806ல கட்டினது. இன்னொரு பக்கம் ஃபதே போல், முகலாயர்கிட்ட இருந்து ஜோத்பூரை மீட்டதுக்காக அஜித் சிங் 1707ல கட்டினது. கொஞ்சம் மேல போனா சுவர்ல பீரங்கிக் குண்டு பட்ட பள்ளங்கள் இருக்கும், வட்டம் போட்டுக் காட்டியிருப்பாங்க, பசங்க அதுல விரலை விட்டுப் பாக்காம நகர மாட்டாங்க. அதுக்கும் மேல வழி சட்டுனு திரும்பும், திரும்பின உடனே லோஹா போல். யானை ஓடி வந்து கதவை முட்ட முடியாதபடி அந்த வளைவு, அதையும் மீறி வந்தா கதவுல யானை நெத்தி உயரத்துக்கு இரும்பு முள்ளு.

அந்த லோஹா போல் பக்கச் சுவர்ல சின்னச் சின்னக் கை அச்சுகள் இருக்கு, செந்தூரம் பூசி, வெள்ளித்தாள் ஒட்டி. 1843ல மான் சிங் இறந்தப்போ உடன்கட்டை ஏறின ராணிகளோட கைகள். அளவைப் பாத்தாலே சில பேரு எவ்வளவு சின்ன வயசுன்னு புரியும். அதுக்கு முன்னாடி செல்ஃபி எடுக்கிற கூட்டம் தினமும் நிக்குது. தயவுசெஞ்சு பையனுக்கு அது என்னன்னு சொல்லிக் குடுங்க, பத்து வயசுக்குப் புரியும்.

சரித்திர வாத்தியாருக்கு இன்னொரு விஷயம். 1459ல ராவ் ஜோதா மண்டோர்ல இருந்து தலைநகரை இங்க மாத்தினப்போ இந்தப் பாறை மேல சீரியா நாத்ஜின்னு ஒரு சாமியார் மட்டும் இருந்தாராம், அவரை காலி பண்ணச் சொன்னதால 'தண்ணிக்குத் தவிப்பீங்க'ன்னு சாபம் விட்டார்னு கதை. சாபம் தீரணும்னா ஒரு ஆளை உயிரோட புதைக்கணும்னு சொல்லி ராஜாராம் மேக்வால்ங்கிறவரை அஸ்திவாரத்துல புதைச்சிருக்காங்க, அவருக்கு நினைவிடம் இருக்கு. கைடுங்க இதை 'மனமுவந்து முன்வந்தார்'னு ஒரே வரில முடிச்சுட்டுப் போவாங்க. மேக்வால்னா அந்தக் காலத்துல ஒதுக்கி வைக்கப்பட்ட சாதி. அவரு பேரை ஒரு தடவை நின்னு படிச்சுட்டுப் போறது நம்ம செய்யக்கூடிய சின்ன மரியாதை.

வைகைக்கரை
நீலத்தெரு, ரொம்ப நன்றிங்க. மாமனாருக்கு சத்தமா படிச்சுக் காட்டினேன், அவரு உடனே 'அப்போ தண்ணிக்கு என்னதான் பண்ணாங்க? இவ்வளவு உயரத்துல கிணறு தோண்ட முடியாதே'ன்னு கேட்டாரு. லிஃப்ட் விஷயம் கேட்டு அத்தை முகத்துல ஒரு நிம்மதி.

நீலத்தெரு
சரியான கேள்வி கேட்டிருக்காரு. கோட்டை நகரத்துக்கு மேல 120 மீட்டர் உயரத்துல நிக்குது, பாறை முழுக்க எரிமலைப் பாறை, 70 கோடி வருஷத்துக்கும் பழசு, தண்ணி உள்ள இறங்காது. அதையே சாதகமாக்கிட்டாங்க. மழை பெஞ்சா ஒரு சொட்டு உறிஞ்சாம வழிஞ்சு ஓடும்ல, அதை ஓடை வெட்டி கோட்டை அடிவாரத்துல ராணிசர், பதம்சர்னு ரெண்டு குளத்துல பிடிச்சாங்க. ராணிசர் ராவ் ஜோதாவோட ராணி வெட்டினது. ஃபதே போல் பக்கம் இறங்கினா ரெண்டையும் பாக்கலாம், டூர் பஸ்ல வர்றவங்க யாரும் அந்தப் பக்கம் வர்றதில்ல. ஊருக்குள்ள தூர்ஜி கா ஜால்ரான்னு 1740கள்ல கட்டின படிக்கிணறு ஒண்ணு இருக்கு, ரொம்ப காலம் குப்பையும் சாக்கடைத் தண்ணியுமா கிடந்ததை சுத்தம் பண்ணி இப்போ செந்நிறக் கல் பளிச்சுனு தெரியுது. பாலைவனக் கோட்டை பாக்குறதுன்னா என்னைப் பொறுத்தவரைக்கும் தண்ணி எங்கருந்து வந்துச்சுன்னு பாக்குறதுதான். அதைப் பாக்காம தர்பார் ஹால் மட்டும் பாத்தா பாதிதான் பாத்த மாதிரி.

ஊர்சுத்தி_கோவை
எல்லாரும் பெரிய பெரிய விஷயமா பேசுறீங்க, நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். ஜெய்சல்மேர் கோட்டைக்குள்ள நாங்க தங்கினோம், எங்க வாழ்க்கையிலேயே அந்த மாதிரி ஒரு அனுபவம் கிடையாது. காலைல எழுந்து ஜன்னலைத் திறந்தா கோட்டைக் கொத்தளம், கீழ ஊரு, தூரத்துல பாலைவனம். கட்டாயம் உள்ளயே தங்குங்க மேடம், பையன் ஆசையைக் கெடுக்காதீங்க.

சுண்ணாம்புக்காரை
கோவை அண்ணா, உங்க அனுபவத்தை நான் மறுக்கல, ஆனா இந்த ஒரு விஷயத்துல நான் நேர் எதிரா சொல்லியே ஆகணும். நான் பழைய கட்டடங்களைப் பழுதுபாக்குற வேலைல இருக்கேன். ஜெய்சல்மேர் கோட்டைக்குள்ள தங்காதீங்க. பாக்கப் போங்க, நாள் முழுக்க இருங்க, உள்ள இருக்கிற கடைல வாங்குங்க, சாப்பிடுங்க, ராத்திரி படுக்க மட்டும் கீழ வந்துடுங்க.

காரணம் சொல்றேன். 1156ல ராவல் ஜெய்சல் ஆரம்பிச்ச கோட்டை, 99 கொத்தளம், மஞ்சள் மணற்கல்லு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சாந்தே இல்லாம பொருத்தி அடுக்கின சுவர் நிறைய. ஆனா கோட்டை நிக்கிற திரிகூட மலை ஜோத்பூர் மாதிரி கெட்டிப் பாறை கிடையாது, மணற்கல்லும் நடுவுல களிமண் படிவமும் கலந்த மிருதுவான மலை. காய்ஞ்சிருக்கிற வரைக்கும் ஆயிரம் வருஷம்கூட நிக்கும். ஈரம் பட்டா களிமண் உப்பும், வழுக்கும், மேல இருக்கிற சுவர் நகர ஆரம்பிக்கும். அந்தக் காலத்துல வீட்டுக்குத் தேவையான தண்ணியை பெண்கள் கடிசர் ஏரில இருந்து தலைல சுமந்து மேல கொண்டு வந்தாங்க. சுமந்து கொண்டு வந்த தண்ணியை யாரும் வீணாக்க மாட்டாங்க, கோட்டைக்கும் அந்த அளவு ஈரம் பிரச்சினையே இல்ல. குழாய் வந்துச்சு, அப்புறம் டூரிஸ்ட் வந்தாங்க, ஒவ்வொரு ரூமுக்கும் ஷவர், ஃப்ளஷ் டாய்லெட், துணி துவைக்கிற தண்ணி. பழைய கழிவுநீர்க் கால்வாய் இதுக்காகக் கட்டினது இல்ல, ஒழுகி ஒழுகி அஸ்திவாரத்துக்குள்ள இறங்குச்சு. வீட்டுக் கூரைகள் மர உத்திரத்து மேல கனமா மண்ணு போட்டு மெழுகினது, அதுல தண்ணி இறங்கினா ஊறின பஞ்சு மாதிரி கனமாகி உத்திரத்தையே முறிச்சுடும். 1990கள்ல கொத்தளங்கள் இடிஞ்சு விழுந்து ஆளுங்களே செத்துப் போயிருக்காங்க. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996லயே ஆபத்தில் இருக்கிற இடங்கள் பட்டியல்ல இதைச் சேத்துச்சு. அப்புறம் கழிவுநீர்க் குழாய் புதுசா போட்டாங்க, ராணி மகாலைப் பழுதுபாத்தாங்க, நிலைமை முன்னைக்கு நல்லாதான் ஆச்சு, ஆனாலும் 2024 ஆகஸ்ட் மழையில ஒரு பகுதி சுவர் சரிஞ்சதை செய்தில பாத்திருப்பீங்க.

நீங்க ஒரு குடும்பம் ஒரு ராத்திரி குளிக்கிறதால கோட்டை இடிஞ்சுடாது. ஆனா அந்த ரூமுக்கு ஆளு வர்ற வரைக்கும் அடுத்த வீடும் ஹோட்டலா மாறும், அடுத்த மாடியும் எழும்பும்.

ஊர்சுத்தி_கோவை
தம்பி, நீங்க சொல்றது புரியுது, எனக்கு இவ்வளவு விவரம் யாரும் சொல்லல. ஆனா ஒரு கேள்வி, கோபத்துல கேக்கல. உள்ள மூவாயிரம் பேரு மாதிரி குடியிருக்காங்கன்னு சொல்றாங்க, தலைமுறை தலைமுறையா. நாங்க தங்கின வீட்டுக்காரர் அந்த ரெண்டு ரூம் வருமானத்துலதான் பொண்ணைக் காலேஜ் படிக்க வைக்கிறாரு. எல்லாரும் கீழ இருக்கிற பெரிய ரிசார்ட்டுக்குப் போயிட்டா அவரு என்ன பண்ணுவாரு? உலகத்துல மக்கள் இன்னும் குடியிருக்கிற கோட்டைங்கிறதுதானே அதோட பெருமை, அதைக் காலி பண்ணி மியூசியம் ஆக்கிட்டா என்ன மிச்சம்?

சுண்ணாம்புக்காரை
அண்ணா, காலி பண்ணணும்னு நான் சொல்லவே மாட்டேன். ஆளு இல்லாத வீடு இன்னும் சீக்கிரம் விழும், கூரையை வருஷா வருஷம் மெழுகுறதுக்குக்கூட ஆளு வேணும். அங்க குடியிருக்கிற வீட்டுக்காரர் தன் வீட்டைத் தானே பாத்துக்குவாரு. என் பயம், வீட்டை வாங்கி ரூம் ரூமா தடுத்து ஒவ்வொண்ணுக்கும் பாத்ரூம் வைக்கிற வெளியாட்கள் மேல. கோட்டைக்குள்ள இருக்கிற தசரா சௌக் சதுக்கத்துல காலைல உக்காந்து ஒரு டீ குடிங்க, அரண்மனை மியூசியத்துக்கு டிக்கெட் எடுங்க, சமணக் கோயில்களை நிதானமா பாருங்க, 12ஆம் நூற்றாண்டுல இருந்து 16 வரைக்கும் கட்டினது, ஒரு தோரண வளைவுல எத்தனை உருவம்னு எண்ணிக்கிட்டே நேரம் போகும். மதியம் உள்ளயே ஒரு வீட்டுச் சாப்பாடு சாப்பிடுங்க. உள்ள இருக்கிறவங்களுக்கு வருமானமும் ஆச்சு, தண்ணி கம்மியாவும் செலவாச்சு. உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்க ரூமை விட சாப்பாட்டுலயும் கடையிலயும் சம்பாதிக்கிற மாதிரி நம்ம நடந்துக்கிட்டா போதும்.

மணல்மேட்டுக்காரன்
சுண்ணாம்புக்காரை சொல்றதுல எனக்கு முழு சம்மதம், கூடவே ஒரு லாபமும் இருக்கு. கோட்டைக்குள்ள தங்கினா கோட்டை தெரியாது. கீழ தெற்குப் பக்கமோ மேற்குப் பக்கமோ மொட்டை மாடி இருக்கிற சின்ன ஹோட்டல் எடுத்தா, சாயங்காலம் அந்தக் கொத்தளங்கள் வெயில்ல பொன்னிறமா மாறுறதை பையன் முழுசா பாப்பான். அத்தைக்கும் நல்லது, கோட்டைக்குள்ள வண்டி நிக்கிற இடத்துல இருந்து பெட்டியைத் தூக்கிக்கிட்டு சந்து சந்தா ஏற வேண்டாம். பாக்கப் போறப்போ ஆட்டோவே தசரா சௌக் வரைக்கும் ஏறும்.

ஜெய்சல்மேர்ல ஹவேலிகளையும், அதாவது பழைய மாளிகை வீடுகளையும், விட்டுடாதீங்க. பட்வா ஹவேலி அஞ்சு வீடுங்க சேந்தது, 19ஆம் நூற்றாண்டுல வியாபாரிக் குடும்பம் கட்டினது. ஒட்டக வணிகப் பாதைல வந்த பணம் அது. பம்பாய் துறைமுகம் பெருசானப்போ சரக்கெல்லாம் கப்பலுக்குப் போச்சு, 1947ல எல்லை விழுந்ததும் பாதையே மூடிடுச்சு, ஊரு வெறிச்சோடிப் போச்சு. 1965, 1971 போருக்கு அப்புறம் ராணுவத்துக்காக ரோடும் ரயிலும் பலமாகி, பின்னாடி டூரிஸ்ட் வந்தாங்க. மாமனாருக்கு இந்தக் கதை பிடிக்கும்.

கண்மாய்க்கரை
நான் ராமநாதபுரம் மாவட்டம். மெஹ்ரான்கர் பக்கத்துல ராவ் ஜோதா டெசர்ட் ராக் பார்க்னு ஒண்ணு இருக்கே, யாரும் சொல்லலையே? எனக்கு கோட்டையை விட அதுதான் உயிர். அங்க என்ன பிரச்சினைன்னா நம்ம ஊரு பிரச்சினையேதான், சீமைக்கருவேலம். ஜோத்பூர்லயும் அந்தக் காலத்துல பச்சை வரட்டும்னு கொண்டு வந்த மரம், 1930கள்ல விமானத்துல இருந்து விதை தூவினதா அங்க சொல்றாங்க. கோட்டைப் பாறை பூரா பரவி உள்ளூர்ச் செடி ஒண்ணையும் வளர விடல. 2006ல கோட்டை அறக்கட்டளை 70 ஹெக்டேர்ல அதை ஒழிக்க இறங்கினாங்க. வெட்டினா திரும்பத் துளிர்க்கும், நம்ம கண்மாய்ல பாத்ததுதானே. வேரு பாறைக்குள்ள இறங்கியிருக்கு, மிஷின் விட்டா பாறை போயிடும், வெடி வச்சா கோட்டை போயிடும். கடைசில கண்ட்வாலியான்னு கல்லு உடைக்கிற பரம்பரைத் தொழிலாளிகளைக் கூப்பிட்டிருக்காங்க. அவங்க சுத்தியலால தட்டி, சத்தத்தை வச்சே பாறை எங்க விரிசல் விட்டிருக்குன்னு சொல்லி, உளி வச்சு ஒவ்வொரு வேரா பிடுங்கியிருக்காங்க. அந்தக் குழியில தார்ல விளையிற செடியா பாத்து நட்டு, இன்னிக்கு அங்க நடந்து போனா பாறை இடுக்குல கள்ளி, புல்லு, பூவு.

எங்க ஊர்ல ஜேசிபி விட்டு அள்ளினோம், கோர்ட்டு உத்தரவு வரைக்கும் போச்சு, அடுத்த மழைக்கு திரும்ப முளைச்சு நிக்குது. அந்தப் பாறைல உளியால வேலை பாத்தவங்களை நினைச்சா கையெடுத்துக் கும்பிடத் தோணுது. பையனைக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க, காலைல சீக்கிரம்.

நீலத்தெரு
கண்மாய்க்கரை அண்ணே, அருமை. மரம்னு வந்ததால கேஜர்லியும் சொல்லிடுறேன், ஜோத்பூர்ல இருந்து 25 கிலோமீட்டர் சுத்துல இருக்கிற கிராமம். 1730ல மகாராஜா அபய் சிங் புது அரண்மனை கட்ட சுண்ணாம்பு சுட விறகு வேணும்னு ஆளு அனுப்பினாரு. அந்த ஊரு பிஷ்னோய் மக்கள் கேஜ்ரி மரத்தை, அதாவது நம்ம வன்னி மரத்தை, வெட்ட விடல. அம்ரிதா தேவிங்கிற அம்மா மரத்தைக் கட்டிப் பிடிச்சாங்க, அவங்க தலை விழுந்துச்சு, பின்னாடியே அவங்க பொண்ணுங்க, அப்புறம் ஊரே. மொத்தம் 363 பேரு. சேதி கேட்டு மகாராஜா வெட்டுறதை நிறுத்தினாரு. அரண்மனை பாக்கப் போற ஒவ்வொருத்தரும் இந்த ஊருக்கும் போகணும்ங்கிறது என் ஆசை, அந்தச் சுண்ணாம்புப் பூச்சுக்கு யாரு விலை குடுத்தாங்கன்னு தெரியணும்ல. பெரிய டூரிஸ்ட் இடம் கிடையாது, ஒரு நினைவிடம், சுத்தி வன்னி மரங்க. சாப்பாட்டுல கேர் சாங்ரின்னு ஒரு கறி வைப்பாங்களே, அந்த சாங்ரி இந்த மரத்துக் காய்தான்.

தறிக்காரர்
ஜோத்பூர்ல உமைத் பவன் அரண்மனைக்குப் போகணுமா? அது ஹோட்டல், உள்ள விட மாட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு.

நீலத்தெரு
மூணு பாகம் அண்ணா: ஒண்ணு ராஜ குடும்பம் குடியிருக்கு, ஒண்ணு ஹோட்டல், ஒண்ணு மியூசியம். மியூசியம் டிக்கெட் எடுத்துப் பாக்கலாம், சின்னதுதான், பழைய கடிகாரங்க, வெளிய பழைய கார்ங்க. ஒரு மணி நேரம் போதும். 1929ல ஆரம்பிச்சு 1943 வரைக்கும் கட்டினாங்க, பஞ்ச காலத்துல ஜனங்களுக்கு வேலை குடுக்கணும்னு ஆயிரக்கணக்கான பேரை வச்சு 347 அறையோட கட்டினது. லான்செஸ்டர்னு ஒரு இங்கிலீஷ் ஆர்க்கிடெக்ட். பஞ்சத்துக்கு குளம் வெட்டியிருக்கலாமேன்னு சில பேரு கேப்பாங்க, கூலி கிடைச்சதால ஊரைவிட்டு ஓடாம பிழைச்சோம்னு சொல்ற குடும்பங்களும் இங்க இருக்கு. எனக்கு ரெண்டும் நியாயமாதான் படுது. கட்டின உமைத் சிங் 1947லயே போயிட்டாரு.

பேனாமுள்
பிகானேரை யாரும் கண்டுக்கவே இல்ல, எல்லாரும் பண்ற தப்பு இது. மாமியாருக்கு ஜூனாகர்தான் சொர்க்கம். ராய் சிங் 1589ல ஆரம்பிச்சு 1594ல முடிச்ச கோட்டை, சமதரையில இருக்கிறதால வாசல் வரைக்கும் கார், மலை ஏத்தமே இல்ல, உள்ள மட்டும் அங்கங்க படி. வெளிய பாத்தா சாதாரண சிவப்புக் கோட்டை, உள்ள போனா அனூப் மஹால்ல சுவரு முழுக்க சிவப்பும் தங்கமுமா உஸ்தா கலைஞர்கள் கைவேலை, கண்ணு கூசும்.

ஆனா நான் சொல்ல வந்தது பாதல் மஹால். சின்ன அறைதான். சுவரெல்லாம் நீல மேகம், சுருள் சுருளா, ஒண்ணு மேல ஒண்ணு. நடுநடுவுல மின்னல் கோடு, கீழ்ப் பக்கம் மெல்லிசு மெல்லிசா மழைத் தாரை இறங்குற மாதிரி தீட்டியிருக்காங்க. வருஷக்கணக்கா மழை பொய்க்கிற ஊருல பிறந்த ராஜா வீட்டுக் குழந்தைங்களுக்கு மழைன்னா என்னன்னு காட்ட வரைஞ்சதுன்னு அங்க சொல்லுவாங்க. தங்க அறை பாத்துட்டு வந்து நிக்கிறப்போ கூட்டம் இதுல ரெண்டு நிமிஷம்கூட நிக்கிறதில்ல. நீங்க நில்லுங்க, ஒரு ஓரமா நின்னு மேகத்துல இருந்து தரை வரைக்கும் பாருங்க.

அப்புறம் கங்கா சிங்னு ஒரு மகாராஜா. 1899-1900ல வந்த பெரும் பஞ்சத்தை, சப்பனியா பஞ்சம்னு இன்னிக்கும் சொல்றாங்க, இளவயசுல கண்ணால பாத்தவரு. பின்னாடி சட்லஜ்ல இருந்து கால்வாய் வெட்டி 1927ல பிகானேர் மண்ணுக்குத் தண்ணி கொண்டு வந்தாரு, கங்கா கால்வாய். முதல் உலகப் போர் முடிஞ்சு 1919ல வெர்சாய் ஒப்பந்தத்துல இந்தியா சார்பா கையெழுத்துப் போட்டவங்கள்ல இவரும் ஒருத்தர். கோட்டைக்குள்ளயே அந்தப் போர்க் கால டிஎச்-9 விமானம் ஒண்ணு நிக்குது, பையன் அதைச் சுத்திச் சுத்தி வருவான். வரைஞ்ச மழையும் வெட்டின கால்வாயும் ஒரே ஊருல இருக்கு, நீலத்தெரு சொன்ன தண்ணிக் கதைல பிகானேரையும் சேத்துக்கோங்க.

வைகைக்கரை
பேனாமுள், மாமனார் வெர்சாய்னு கேட்டதும் நிமிந்து உக்காந்துட்டாரு. 'கிளாஸ்ல முப்பது வருஷம் சொல்லிக் குடுத்தேன், பிகானேர் மகாராஜா கையெழுத்துன்னு ஒரு வரிதான் சொல்லுவேன்'னாரு. பிகானேர் கன்ஃபார்ம். ஜோத்பூருக்கும் பிகானேருக்கும் நடுவுல 250 கிலோமீட்டர் ஒரே மூச்சா வேண்டாம்னு பாக்குறோம், வழில எதாவது இருக்கா?

சுண்ணாம்புக்காரை
இருக்கு, நாகௌர். நான் வேலைக்காகப் போய்ப் பாத்து அசந்த இடம். அஹிச்சத்ரகர் கோட்டை, ஜோத்பூர்ல இருந்து 140 கிலோமீட்டர் மாதிரி, பாதி வழிதான். இதுவும் சமதரைக் கோட்டை. 18ஆம் நூற்றாண்டுல பக்த் சிங் கட்டின அரண்மனைகள், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல குளம், வாய்க்கால், நீராழி மண்டபம். கோடைல காத்து தண்ணி மேல பட்டு வந்து அறையைக் குளுமையாக்குற மாதிரி ஜன்னலையும் குளத்தையும் எதிரெதிரா வச்சிருக்காங்க. ரொம்ப வருஷம் ராணுவமும் போலீசும் முகாமா வச்சிருந்து சிதைஞ்சு கிடந்துச்சு. மெஹ்ரான்கர் அறக்கட்டளை எடுத்துப் பழுதுபாத்தாங்க, 2002ல யுனெஸ்கோ ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைச்சுது. சுண்ணாம்புல போன சுவருக்கு சுண்ணாம்புதான் வச்சாங்க, சிமெண்ட் பூசி மூடல, அழிஞ்ச ஓவியத்தை இஷ்டத்துக்குப் புதுசா வரையல, மிச்சம் இருந்ததை மட்டும் சுத்தம் பண்ணி நிறுத்திட்டாங்க. ஹாடி ராணி மஹால் ஓவியங்கள் அப்படித்தான் பாதி அழிஞ்ச நிலைலயே இருக்கு, அதுதான் நேர்மை. கூட்டமே இருக்காது. அத்தை மர நிழல்ல உக்காந்துக்கலாம்.

ஊர்சுத்தி_கோவை
மணல்மேடு சஃபாரி பத்தி யாரும் சொல்லல. சாம் மணல்மேடு ஜெய்சல்மேர்ல இருந்து 40 கிலோமீட்டர், டிசம்பர் கடைசில டென்ட்டும் டிஜேவும் ஜீப்புமா திருவிழாக் கூட்டம். அமைதி வேணும்னா குரி பக்கம் போங்க. நாங்க அங்கதான் ஒட்டகம் ஏறினோம், பெரியவங்களுக்கு ஒட்டக வண்டி கிடைக்கும், ஏறி இறங்குற சிரமம் இல்ல.

மணல்மேட்டுக்காரன்
அந்தப் பக்கமெல்லாம் பாலைவன தேசியப் பூங்கா ஒட்டின இடம், கானமயில்ங்கிற பெரிய பறவை உலகத்துலயே நூத்தம்பதுக்கும் கம்மியா மிச்சம் இருக்கு, பெரும்பாலும் இங்கதான். அதனால ஜீப்பை மணல்ல ஏத்தி குதிக்க விடுற ஆட்டம் வேண்டாம்னு டிரைவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. குல்தாரா, பாலிவால் பிராமணர்கள் விட்டுட்டுப் போன ஊரு, பேய்க் கதை சொல்லுவாங்க, அதை விடுங்க, அந்தக் கல் வீடுகளோட அமைப்பைப் பாருங்க, மழைத்தண்ணிய வயல்ல தேக்கி கோதுமை விளைவிச்ச ஜனங்க அவங்க.

குளிரு மறந்துடாதீங்க. டிசம்பர்ல ராத்திரி 10 டிகிரிக்குக் கீழ போகும், நம்ம ஆளுங்க ஒரு ஸ்வெட்டரோட வந்து நடுங்குவாங்க. சூரியன் உதிக்கவே ஏழு மணிக்கு மேல ஆகும், அதனால நம்ம ஊரு கணக்குல அஞ்சரைக்கு எழுப்பி விட்டு பெரியவங்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம்.

வைகைக்கரை
முடிவு பண்ணிட்டோம். ஜோத்பூர், ஜெய்சல்மேர், திரும்ப ஜோத்பூர் வழியா நாகௌர், கடைசியா பிகானேர். ஜெய்பூரும் உதய்ப்பூரும் இன்னொரு வருஷம். ஜெய்சல்மேர்ல கீழதான் தங்குறோம், பையன்கிட்ட களிமண்ணு, தண்ணி, கூரை எல்லாம் சொன்னேன், கொஞ்ச நேரம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்துட்டு 'அப்போ கோட்டைக்குள்ள பாத்ரூம்கூட போகக் கூடாதா'ன்னு கேட்டான், அவசரம்னா போலாம்டான்னு சொல்லியிருக்கேன். மாமனார் ராணிசர் குளம், பாதல் மஹால், கங்கா சிங் விமானம்னு நோட்டுல எழுதி வச்சுட்டாரு. ஃப்ளைட்டா ட்ரெயினா, அது ஒண்ணுதான் பாக்கி.

பேனாமுள்
போறதுக்கு ஃப்ளைட் எடுத்து டெல்லியோ அகமதாபாத்தோ வழியா ஜோத்பூர் போயிடுங்க, பெரியவங்களுக்கு அலுப்பு இருக்காது. வர்றப்போ பிகானேர்ல இருந்து மதுரைக்கே நேரா அனுவ்ரத் எக்ஸ்பிரஸ் இருக்கு, வாரத்துக்கு ஒரு தடவைதான், அதனால அந்தக் கிழமையைப் பாத்துட்டு மத்த தேதிகளைப் பின்னாடி இருந்து போட்டுக்கிட்டு வாங்க. ரயில் ரிசர்வேஷன் இப்போ 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்கும், அரையாண்டு லீவு நேரம் வேற, திறந்த அன்னிக்குக் காலைலயே உக்காந்து போடுங்க, அத்தைக்கும் மாமாவுக்கும் லோயர் பெர்த் சீனியர் கோட்டால கேளுங்க. கிளம்புற அன்னிக்கு பிகானேர்லயே புஜியா வாங்கிக்கோங்க.